பண்ணை வாசலில் தொடங்கும் சட்டம்: புதிதாகக் கால்நடை வளர்ப்போருக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் சில கறவை மாடுகளையோ ஒரு பட்டி ஆடுகளையோ வைத்துப் பண்ணை தொடங்க விரும்புகிறவர்கள் கொட்டகைச் செலவு, வங்கிக் கடன், பால் விலை ஆகியவற்றைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். நோய்த்தடுப்புச் சட்டம், மருந்து விதி, தீவனத் தரம் என்று பேச்செடுத்தால் அவை பெரிய நிறுவனங்களுக்கு உரியவை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் 2009-ஆம் ஆண்டின் விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரே ஒரு மாடு வைத்திருப்பவரையும் கட்டுப்படுத்துகிறது. நோயும் பெரிய பண்ணை, சிறிய பண்ணை என்று பார்த்து நுழைவதில்லை. விலைக்கு வாங்கிய மாட்டோடும், பக்கத்து ஊரிலிருந்து வந்த வண்டியோடும், பூஞ்சை பிடித்த புண்ணாக்கு மூட்டையோடும் அது உள்ளே வருகிறது. அதனால்தான் அரசு விதிகளில் பெரும்பகுதி பண்ணைக்குள் என்ன வருகிறது, பண்ணையிலிருந்து என்ன வெளியே போகிறது என்பதையே கவனிக்கிறது. இந்தக் கட்டுரையும் அந்த வரிசையிலேயே செல்கிறது. முதல் மாட்டை வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலைகள் சில உள்ளன. அவற்றைத் தள்ளிப்போட வேண்டாம்.

முதல் படி: உங்கள் பகுதிக் கால்நடை மருந்தகத்தை அறிந்துகொள்ளுங்கள்

கால்நடை பராமரிப்புத் துறையின் கடைசிக் கண்ணிகள் உங்கள் ஊருக்கு அருகிலேயே இருக்கின்றன. கால்நடை உதவி மருத்துவர் பொறுப்பில் இயங்குவது கால்நடை மருந்தகம். கால்நடை ஆய்வாளர் பொறுப்பில் இயங்குவது கிளை நிலையம். இவற்றுக்கு மேலே கோட்ட அளவில் உதவி இயக்குநரும் மாவட்ட அளவில் மண்டல இணை இயக்குநரும் இருக்கிறார்கள். உங்கள் கிராமம் எந்த மருந்தகத்தின் எல்லைக்குள் வருகிறது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுக்கு அருகில் இருக்கும் மருந்தகமே உங்கள் மருந்தகம் என்று நினைத்துவிடக் கூடாது. தடுப்பூசி முகாம், காது வில்லை (மாட்டின் காதில் மாட்டும் அடையாள எண்), காப்பீட்டுச் சான்று, இறப்புச் சான்று எல்லாம் எல்லைப்படியே நடக்கும்.

பண்ணை தொடங்கப் போவதாக மருத்துவரிடம் நேரில் சொல்லி, அந்தப் பகுதியில் அண்மைக் காலத்தில் கண்ட நோய்கள் எவை, அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய் முன்பு வந்த ஊர்கள் எவை, வாயிலும் குளம்பிலும் புண் உண்டாக்கும் கோமாரி நோய்க்கான அடுத்த தடுப்பூசிச் சுற்று எப்போது என்று கேளுங்கள். அந்த ஒரு உரையாடலில் கிடைக்கும் தகவல் வேறு எங்கும் எழுத்தில் கிடைக்காது. அவசரத்துக்கு அழைக்க வேண்டிய கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1962. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை இந்த எண்ணில் அழைக்கலாம். இந்த எண்ணைக் கொட்டகைச் சுவரிலேயே எழுதி வையுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நேரத்தில் வேலையாள்தான் அழைக்க வேண்டியிருக்கும்.

கால்நடைக்குச் சிகிச்சை அளிக்கும் உரிமை 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டப்படி பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டுமே உண்டு. கால்நடை ஆய்வாளர் போன்ற பயிற்சி பெற்ற பணியாளர்கள் மருத்துவரின் மேற்பார்வையிலும் வழிகாட்டுதலிலும் சிறு சேவைகளைச் செய்யலாம். ஊர் ஊராக ஊசி போட்டுச் செல்பவர்கள் குறைந்த கட்டணத்தில், கூப்பிட்ட நேரத்தில் வருகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் எழுதும் சீட்டு செல்லாது. அவர்கள் போட்ட மருந்தின் பெயர்கூடப் பல நேரங்களில் உங்களுக்குத் தெரியாமல் போகும்.

இரண்டாம் படி: மாடு பிடிப்பதற்கு முன் காதைப் பாருங்கள்

ஈரோடு கருங்கல்பாளையம், பொள்ளாச்சி, மணப்பாறை போன்ற சந்தைகளில் மாடு பிடிக்கப் போகிறவர்கள் பல்லைப் பார்ப்பார்கள், மடியைத் தடவிப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள். தரகரோ துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்து விலை பேசுவார். இவற்றோடு காதையும் பார்க்கும் பழக்கம் வேண்டும். காதில் மஞ்சள் நிற வில்லையில் 12 இலக்க எண் இருக்கும். ஒரு மாட்டுக்கு ஒரு எண்தான். அது இன்னொரு மாட்டுக்கு வராது. பாரத் பசுதன் என்னும் தேசியத் தரவுத் தளத்தில் அந்த எண்ணின்கீழ் மாட்டின் இனம், உரிமையாளர், போட்ட தடுப்பூசிகள், சினை ஊசி விவரம் ஆகியவை பதிவாகின்றன. சந்தையில் நின்றபடியே எண்ணைக் கைப்பேசியில் படமெடுத்து, உங்கள் மருந்தகத்துக்கு அனுப்பிக் கேட்டால், கடைசியாகக் கோமாரித் தடுப்பூசி எப்போது போடப்பட்டது என்று பார்த்துச் சொல்ல முடியும். "எல்லா ஊசியும் போட்டாச்சு" என்ற வாய்ச்சொல்லைவிட அந்தப் பதிவு நம்பத்தக்கது.

காது மடலில் கிழிந்த தழும்பு மட்டும் இருந்து வில்லை இல்லையென்றால் காரணம் கேளுங்கள். முள்வேலியில் மாட்டிக் கிழிந்திருக்கலாம். காப்பீட்டுத் தொகை பெற்ற மாட்டின் அடையாளத்தை மறைக்க அறுக்கப்பட்டும் இருக்கலாம். விடை தெளிவாக இல்லாத மாட்டை விட்டுவிடுவதே நல்லது.

கறவை மாடு வாங்குவோர் இன்னொன்றையும் செய்ய வேண்டும். கன்று வீச்சு நோய் எனப்படும் புரூசெல்லோசிஸுக்கு இரத்தப் பரிசோதனை செய்யாமல் சினை மாட்டையோ கறவை மாட்டையோ வாங்காதீர்கள். வெளியே எந்த அறிகுறியும் இல்லாத மாடு இந்தக் கிருமியைச் சுமந்து வந்து, சினையின் கடைசி மாதங்களில் கன்றை வீசும்போதுதான் பண்ணையாளருக்கு விஷயமே தெரிய வருகிறது. அதற்குள் நஞ்சுக்கொடி வழியாகவும் கருப்பை நீர் வழியாகவும் மற்ற மாடுகளுக்கும் பரவியிருக்கும். காய்ச்சாத பாலைக் குடிப்பவருக்கும், கையுறை இல்லாமல் நஞ்சுக்கொடியை எடுப்பவருக்கும் இது தொற்றி, விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டு வலியுமாக நீண்டகாலம் வாட்டும். மாவட்டத்தில் உள்ள கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவிலோ கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக மையங்களிலோ மாதிரியைக் கொடுத்துப் பரிசோதிக்க வழியுண்டு. விற்பவர் ஊரிலேயே மாட்டைப் பேசி, முன்பணம் கொடுத்து, பரிசோதனை முடிவு வந்தபின் பிடித்துவருவதே சரியான முறை. சந்தையில் வாங்கும்போது இதற்கு அவகாசம் இருக்காது. புதியவர்கள் முதல் மாடுகளைச் சந்தையில் வாங்காமல், தெரிந்த பண்ணைகளில் வாங்குவது மேல் என்று நான் சொல்வதற்கு இதுதான் முக்கியமான காரணம்.

மூன்றாம் படி: வண்டியில் ஏற்றுவதற்கான சான்று

1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி, மாடோ ஆடோ வண்டியில் ஏற்றிச் செல்லும்போது, அவை பயணத்துக்கு ஏற்ற நிலையில் உள்ளன, தொற்றுநோய் இல்லை என்று தகுதி பெற்ற கால்நடை மருத்துவர் தந்த சான்று உடன் இருக்க வேண்டும். சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. தரையில் வழுக்காதபடி தென்னை நார் விரிப்போ பலகையோ போட வேண்டும். வண்டிக்கு ஒரு ஆள் மாடுகளோடு துணைக்கு வர வேண்டும். மாநில எல்லையைத் தாண்டுவதாக இருந்தால் சோதனைச் சாவடியில் முதலில் கேட்கப்படுவது இந்தச் சான்றுதான். விற்பனை ரசீது, சான்று, வில்லை எண்கள் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். சான்றில் ஐந்து எண்களும் வண்டியில் ஆறு மாடுகளும் இருந்தால் பேச்சுக்கே இடமில்லை.

மாட்டை இறக்கியதும் வண்டியைக் கழுவாமல் உங்கள் வாசலிலிருந்து அனுப்பாதீர்கள். லிட்டருக்கு 40 கிராம் வீதம் சலவைச் சோடா கரைத்த நீர் கோமாரி வைரஸை அழிக்கும். விலை குறைந்த, எங்கும் கிடைக்கும் பொருள் இது.

நான்காம் படி: ஒரு மாதத் தனிமையும் தடுப்பூசியும்

புதிதாக வந்த மாட்டை நேராகத் தொழுவத்தில் கட்டக் கூடாது. ஒரு மாதம் தனிக் கொட்டகையில், தனித் தண்ணீர்த் தொட்டியோடு, முடிந்தால் தனி ஆளின் கவனிப்பில் வைக்க வேண்டும். ஆள் ஒருவரே என்றால், பழைய மாடுகளின் வேலையை முடித்துவிட்டுக் கடைசியாகப் புது மாட்டிடம் போக வேண்டும். திரும்பும்போது கைகால் கழுவி, செருப்பை மாற்ற வேண்டும். கட்டுத்தறி இல்லை, இடம் போதாது என்று சொல்லி இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். தோட்டத்தின் கோடியில் நான்கு கம்பு நட்டு ஓலை போட்ட பந்தல் போதும்.

அந்த மாதத்துக்குள் மருந்தகத்தில் உங்கள் பெயரிலும் கைப்பேசி எண்ணிலும் மாட்டின் உரிமை மாற்றத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். வில்லை இல்லாத கன்றுகளுக்குப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

தடுப்பூசிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2019-ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டணமின்றிப் போடப்படுகிறது. கன்றுக்கு நான்கு மாத வயதில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஊக்க ஊசி, அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒன்று என்பது வரிசை. புரூசெல்லோசிஸ் தடுப்பூசி நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு மட்டும், வாழ்நாளில் ஒரே முறை போடப்படுவது. காளைக் கன்றுக்குப் போடுவதில்லை. அது உயிருள்ள கிருமியால் ஆனது என்பதால் ஊசி தவறுதலாகப் போடுபவரின் கையில் குத்தினால் அவருக்கே நோய் வரலாம். ஆகவே கன்றை நன்றாகப் பிடித்துக் கொடுப்பது உங்கள் பொறுப்பு. ஆடுகளுக்கு ஆட்டுக்கொல்லி நோய்க்கான ஊசி முக்கியமானது. ஒருமுறை போட்டால் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பாதுகாப்புத் தரும். மழைக்காலத்துக்கு முன் ஆடுகளுக்குத் துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோய்க்கும், உங்கள் வட்டாரத்தைப் பொறுத்து மாடுகளுக்குத் தொண்டை அடைப்பான், சப்பை நோய் ஆகியவற்றுக்கும் போட வேண்டியிருக்கும். ராணிப்பேட்டையில் 1932-இல் நிறுவப்பட்ட கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் மாநிலத்துக்குத் தேவையான தடுப்பூசிகள் பலவற்றைத் தயாரிக்கிறது.

ஊசி போட்டால் பால் குறையும், சினை கலையும் என்று சொல்லி முகாம் நாளன்று மாட்டை மறைத்துக் கட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓரிரு நாள் பால் சற்றுக் குறையலாம். ஊசி போட்ட இடத்தில் சிறு வீக்கம் வரலாம். கோமாரி கண்ட மாடோ அந்த ஈற்று முழுவதற்கும் பழைய பாலுக்குத் திரும்பாமல் போகலாம். கன்றுகள் இதயம் பாதிக்கப்பட்டு, வாயில் புண் தெரிவதற்கு முன்பே செத்து விழலாம். எங்கள் தாத்தா காலத்தில் ஊரையே காலி செய்த மாட்டு வெக்கை நோய் இன்று உலகத்திலேயே இல்லை. இந்தியாவில் அதன் கடைசி நோய்க்கிளர்ச்சி 1995-இல் தமிழ்நாட்டின் வட ஆர்க்காடு பகுதியில் கண்டது, 2011-இல் உலகம் முழுவதிலும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. கொட்டகை கொட்டகையாகச் சென்று போட்ட தடுப்பூசிதான் அதைச் செய்தது. மறைத்துக் கட்டிய மாடுகள் மிகுந்திருந்தால் அது நடந்திருக்காது.

ஐந்தாம் படி: மருந்து வாங்குவதும் கொடுப்பதும்

கால்நடை மருந்துகளும் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்துக்குள்தான் வருகின்றன. நுண்ணுயிர்க்கொல்லி, ஸ்டீராய்டு, ஹார்மோன் ஊசி போன்றவற்றைப் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்பது குற்றம். விற்கும் கடைக்கு மருந்து விற்பனை உரிமம் இருக்க வேண்டும். அது கடையில் கண்ணில் படும்படி மாட்டப்பட்டிருக்கும். தீவனக் கடையிலோ பால் சேகரிப்பு நிலையத்திலோ மேசைக்கு அடியிலிருந்து எடுத்துத் தரப்படும் ஊசி மருந்தை வாங்காதீர்கள்.

குப்பியைக் கையில் எடுத்ததும் சிட்டையைப் படியுங்கள். விலங்கு சிகிச்சைக்கு மட்டும் என்ற வாசகமும், வீட்டு விலங்கு ஒன்றின் தலைப் படமும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவற்றைப் பாருங்கள். ரசீதில் தொகுதி எண் குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மருந்து வேலை செய்யவில்லை, நிறம் மாறியிருக்கிறது என்று சந்தேகம் வந்தால், அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவு வாங்கியவருக்கு ஓர் உரிமையைத் தருகிறது: உரிய கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் அந்த மருந்தைச் சோதனைக்குக் கொடுத்து அறிக்கை பெறலாம். ரசீது இல்லாமல், எந்தக் கடையில் வாங்கினோம் என்று காட்ட முடியாமல், அந்த உரிமையால் பயன் அதிகம் இருக்காது. மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்து மூலம் புகார் கொடுக்கவும் வழியுண்டு.

தடுப்பூசி மருந்தை நீங்களே வாங்கி வரும் நிலை வந்தால், 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் அது இருந்தாக வேண்டும். பனிக்கட்டியோடு நேரடியாக ஒட்டிக்கிடந்து உறைந்துபோன கோமாரித் தடுப்பூசி பயனற்றது. வெயிலில் கிடந்ததும் அப்படியே. குப்பியைக் காகிதத்தில் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்துவாருங்கள்.

சில மருந்துகளை எந்தச் சூழலிலும் பண்ணைக்குள் விடக் கூடாது. காய்ச்சலுக்கும் வலிக்கும் போடப்பட்டு வந்த டைக்ளோஃபினாக் கால்நடைகளுக்கு 2006-இல் தடை செய்யப்பட்டது. அந்த ஊசி போட்ட மாடு இறந்து, அதன் உடலைப் பாறுக் கழுகுகள் உண்டால் அவற்றின் சிறுநீரகம் செயலிழந்து சாகின்றன. நாட்டில் கழுகுகள் கூட்டங்கூட்டமாக அழிந்ததற்குப் பெருங்காரணம் இதுவே. அதன்பின் கீட்டோப்ரோஃபென், அசெக்ளோஃபினாக் ஆகியவை 2023-இலும், நிமசுலைடு 2024-இன் இறுதியிலும் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை செய்யப்பட்டன. மாயாறு பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள நீலகிரி, ஈரோடு மாவட்ட வளர்ப்பாளர்களுக்கு இது தொலைதூரத்துச் செய்தி அல்ல. தென்னிந்தியாவில் எஞ்சியிருக்கும் கழுகுகளின் முதன்மையான வாழிடம் அங்கேதான் இருக்கிறது. மெலோக்சிகாம் என்ற மருந்து கழுகுகளுக்குத் தீங்கற்றது. மருத்துவரிடம் அதையே எழுதித் தரும்படி தயக்கமின்றிக் கேட்கலாம். மனிதருக்கான டைக்ளோஃபினாக் ஊசியை வாங்கி மாட்டுக்குப் போடும் வழக்கமும் தடைக்கு உட்பட்டதே.

கோலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை உணவுக்காக வளர்க்கும் விலங்குகள், கோழிகள், மீன்கள், தீவனக் கலவைகள் எதிலும் பயன்படுத்த 2019 முதல் தடை உள்ளது. வேறெந்த மருந்துக்கும் கட்டுப்படாத தொற்றோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கும் மனிதருக்குக் கடைசி மருந்தாக மிஞ்சுவது அது. கோழிக்குஞ்சு விரைவாக எடை கூட அதைக் கலந்து கொடுப்பதை எந்தக் கணக்கும் நியாயப்படுத்தாது. பால் சுரக்க ஆக்சிடோசின் ஊசி போடுவதும் அப்படித்தான்: மாட்டின் உடல்நலத்துக்குக் கேடாகப் பால் பெருக்கும் எந்த ஊசியையும் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு தண்டனைக்குரியதாக்குகிறது.

மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் பாலைக் கழிக்க வேண்டும் என்பதுதான் புதியவர்கள் அதிகம் தவறவிடும் இடம். சிட்டையில் அந்தக் காத்திருப்புக் காலம் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். குறிக்கப்படவில்லையென்றால், பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்குக் குறைந்தது 28 நாள் என்று மருந்து விதிகள் வரையறுக்கின்றன. மடிநோய்க்குச் சிகிச்சை பெறும் மாட்டின் பாலை மற்றப் பாலோடு கலக்காமல் இருக்க, அந்த மாட்டின் காலில் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். கறப்பவர் மாறினாலும் துணி சொல்லிவிடும். நோயற்ற காம்புகளின் பாலும் கழிவுதான், ஏனென்றால் மருந்து இரத்தத்தின் வழியாக எல்லாக் காம்புக்கும் போகிறது. மருந்து கலந்த பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாகத் தோயாது, ஏனென்றால் உறையிலுள்ள நுண்ணுயிர்களையும் மருந்து கொல்கிறது. அந்தப் பாலைக் குடிக்கும் குழந்தையின் வயிற்றிலும் மருந்து தன் வேலையைச் செய்யும்.

ஆறாம் படி: தீவனம், தாது உப்பு, விதை

கலப்புத் தீவனத்துக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த தரநிலை எண் ஐஎஸ் 2052; தாது உப்புக் கலவைக்கு ஐஎஸ் 1664. மூட்டையில் ஐஎஸ்ஐ முத்திரையோடு இந்த எண்ணும் இருக்கிறதா, புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம் ஆகியவற்றின் அளவுகள் அச்சிடப்பட்டிருக்கின்றனவா, தயாரித்த நாள் தெரிகிறதா என்று பாருங்கள். தையல் பிரித்துக் கைத்தையல் போட்ட மூட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தீவனத்தில் எனக்குள்ள பெரிய கவலை பூஞ்சைதான். ஈரம் பட்ட கடலைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் வளரும் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. மாடு தின்ற நஞ்சின் ஒரு பகுதி மாறிய வடிவில் பாலுக்கு வந்துவிடுகிறது. காய்ச்சினாலும் அது போகாது. பாலில் அதன் அளவு ஒரு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு. புண்ணாக்கை உடைத்து முகர்ந்து பாருங்கள். முக்கல் வாடை வந்தாலோ பச்சை, மஞ்சள் பொடி தெரிந்தாலோ மாட்டுக்கு வைக்காதீர்கள். மூட்டைகளைத் தரையிலிருந்து உயர்த்திப் பலகை மேலும், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளியும் அடுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தேவைக்கு மேல் வாங்கிச் சேர்க்க வேண்டாம்.

தீவனப்பயிர் விதை வாங்கும்போது மூட்டையில் தைத்திருக்கும் அட்டையைப் பாருங்கள். நீல அட்டை சான்று பெற்ற விதைக்கு உரியது. இளம்பச்சை அட்டை விற்பவரின் உண்மைநிலைக் குறிப்பு மட்டும் கொண்ட விதைக்கு உரியது. உண்ணி மருந்தின் சிட்டையில் உள்ள முக்கோணத்தின் நிறம் நச்சின் அளவைக் காட்டும்; சிவப்பு மிகக் கொடியது. சொன்ன அளவுக்கு மேல் கலந்து தெளித்தால் உண்ணியோடு மாடும் சாகும்.

ஏழாம் படி: நோய் தெரிந்த அன்றே செய்ய வேண்டியவை

மாட்டின் வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் ஒழுகுகிறது, சப்புக்கொட்டுகிறது, நாக்கிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் தெரிகிறது, நொண்டுகிறது என்றால் கோமாரி என்றே எண்ணிச் செயல்படுங்கள். தோலில் உருண்டை உருண்டையாகக் கழலைகள் தோன்றினால் தோல் கழலை நோயாக இருக்கலாம். ஆடுகள் கண், மூக்கு ஒழுகி, வாய்ப்புண்ணோடு கழிந்தால் ஆட்டுக்கொல்லி நோயை நினைக்க வேண்டும்.

2009-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த இடத்தில் உரிமையாளருக்கு இரண்டு கடமைகளைத் தெளிவாக வைக்கிறது. முதலாவது, பட்டியலில் உள்ள தொற்றுநோய் இருக்கலாம் என்று நியாயமாகச் சந்தேகம் வந்தாலே கிராம அலுவலருக்கோ ஊராட்சிப் பொறுப்பாளருக்கோ தெரிவிப்பது. அவர் அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கு எழுத்து மூலம் தெரிவிப்பார். நோய் உறுதியான பிறகுதான் சொல்ல வேண்டும் என்பதில்லை. நடைமுறையில் ஊராட்சிக்குச் சொல்லும்போதே மருத்துவரையும் நேரடியாக அழைத்துவிடுங்கள். இரண்டாவது, நோயுற்ற விலங்கைப் பிரித்துவைப்பது; பொது மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டாமலும், ஊர்க் குளம், பொதுத் தொட்டி ஆகியவற்றில் தண்ணீர் காட்டாமலும் இருப்பது.

மாநில அரசு ஒரு பகுதியைக் கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவித்தால், அங்கே குறிப்பிட்ட நோய்க்குத் தடுப்பூசி கட்டாயமாகும். அந்த இன விலங்குகளை உள்ளேயும் வெளியேயும் கொண்டுசெல்லத் தடை வரும். சந்தையும் கண்காட்சியும் நிறுத்தப்படும். வண்டிகளைக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். சந்தை மூடினால் வருமானம் நிற்கிறது என்ற வேதனை நியாயமானது. ஆனால் அந்த நேரத்தில் நோய் கண்ட மாட்டை வந்த விலைக்கு இரவோடு இரவாக விற்றுவிடுகிறவர், அடுத்த தாலுகாவின் தொழுவங்களுக்கு நோயை வண்டியேற்றி அனுப்புகிறார். இதைவிடப் பெரிய துரோகம் இந்தத் தொழிலில் இல்லை.

மாடு திடீரென இறந்து, மூக்கு, வாய், ஆசனவாய் வழியாக உறையாத கறுத்த இரத்தம் கசிந்தால் உடலைத் தொடாதீர்கள். அது அடைப்பானாக இருக்கலாம். தோலை உரிக்கக் கூடாது, அறுத்துப் பார்க்கக் கூடாது, இறைச்சியை யாருக்கும் கொடுக்கக் கூடாது. உடலைத் திறந்தால் கிருமி காற்றுப் பட்டு வித்துகளாக மாறி, மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும்; பின்னொரு மழையில் மேலே வந்து வேறொருவரின் மாட்டைக் கொல்லும். மனிதருக்கும் அது உயிர்க்கொல்லி. மருத்துவர் வந்து காதிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்ப்பார். அதன்பின் எரிக்கலாம், அல்லது கிணறு, ஓடை ஆகியவற்றிலிருந்து தள்ளிய இடத்தில் குறைந்தது ஆறடி ஆழம் தோண்டி, கீழும் மேலும் சுட்ட சுண்ணாம்பு கொட்டிப் புதைக்கலாம். இரத்தம் சிந்திய மேல்மண்ணையும், கீழே கிடந்த வைக்கோலையும் சேர்த்தே புதைக்க வேண்டும். எந்த நோயால் இறந்ததாயினும் நோயுற்ற விலங்கின் உடலை ஆற்றிலோ ஏரியிலோ வீசுவது இதே சட்டத்தின்கீழ்ச் சிறை வரை செல்லும் தனிக் குற்றம்.

எட்டாம் படி: பால் விற்பனையும் பதிவேடும்

பதிவு பெற்ற பால் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகி அங்கேயே பால் ஊற்றுபவருக்குத் தனியாக உணவுப் பாதுகாப்புப் பதிவு தேவையில்லை. வீடு வீடாகவோ கடைகளுக்கோ நேரடியாக விற்பவர், தயிர், நெய், பன்னீர் செய்து விற்பவர் ஆகியோர் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டப்படி பதிவோ உரிமமோ பெற வேண்டும். எது தேவை என்பதை விற்றுமுதல் தீர்மானிக்கும். உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலரின் அலுவலகத்தில் கேட்டு, விற்பனை தொடங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

பதிவேட்டுக்குக் கனமான அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மாட்டுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். முதல் வரியில் 12 இலக்க எண். அதன்கீழ் வாங்கிய நாள், விற்றவர், சான்றின் எண். பிறகு ஒவ்வொரு தடுப்பூசிக்கும் நாளும் தொகுதி எண்ணும், ஒவ்வொரு சிகிச்சைக்கும் மருத்துவர் பெயர், மருந்து, அளவு, பாலைக் கழிக்க வேண்டிய கடைசி நாள் ஆகியவற்றையும் எழுதுங்கள். சினை ஊசி போடும்போது உறைவிந்துக் குச்சியைக் காட்டச் சொல்லி, அதில் அச்சிட்டுள்ள காளையின் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். சில ஆண்டுகள் கழித்து அதே காளையின் விந்தை அதன் மகளுக்கே போடாமல் தடுப்பது அந்த எண்தான். மருந்துச் சீட்டுகளையும் ரசீதுகளையும் ஓர் உறையில் போட்டு நோட்டின் பின்னட்டையில் ஒட்டிவையுங்கள். காப்பீடு கோரும்போது கேட்கப்படும் காகிதங்களும் ஏறத்தாழ இவையே. மாடு இறந்தால் வில்லையைக் காதிலிருந்து நீங்களே பிடுங்கிவிடாமல், மருத்துவர் வந்து பார்த்துப் பிரேதப் பரிசோதனை முடிக்கும்வரை அப்படியே விட்டுவைக்க வேண்டும். வில்லை இல்லாத மாட்டுக்குக் காப்பீட்டுத் தொகை பெறுவது மிகக் கடினம்.

மாட்டை விற்கும்போது அதன் இரண்டு பக்கங்களையும் நகலெடுத்து வாங்குபவரிடம் கொடுங்கள். கழிவு நாள் முடியாத மருந்து எதுவும் இருந்தால் வாயாலும் சொல்லுங்கள். அந்த வாரத்துக்குள் மருந்தகத்தில் உரிமை மாற்றத்தைப் பதிவு செய்துவிடுங்கள். பதிவு உங்கள் பெயரிலேயே நீடித்தால், அந்த மாடு பிறகு எங்கே நோய் கண்டாலும் விசாரணை முதலில் உங்கள் கைப்பேசி எண்ணுக்கே வரும்.